உப்பளத்துக் கிலுகிலுப்பை

சிறுபாணாற்றுப்படையில் ஒரு மந்தி வருகிறது. உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பழகிய மந்தி. கொற்கைப் பக்கத்தில் அது கிளிஞ்சலுக்குள் முத்துகளைப் போட்டு மூடி, உப்பு வணிகர்களான உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு எங்கள் மரக்காணத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. அதே பாட்டில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். உப்போடு பிழைக்கிற வீட்டில், பெரியவர்கள் வேலையில் இருக்கும்போது பிள்ளையின் கைக்கு ஒரு கிலுகிலுப்பை. தமிழ்க் கரையில் இந்தப் பழக்கம் அந்தப் பாட்டின் அளவுக்குப் பழையது. என் காலத்தில் கிளிஞ்சல் இருந்த இடத்தில் பனையோலை வந்திருந்தது. முத்து இருந்த இடத்தில் புளியங்கொட்டை.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தை, மாசியில் வேலை தொடங்கினால் புரட்டாசி வரை நடக்கும். மண்ணைக் காலால் மிதித்து மிதித்துப் பாத்தியை இறுக்க வேண்டும். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைக்க வேண்டும். பூத்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்து, நீர் வடிந்ததும் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும் என்பதால் விடியுமுன்பே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். கைப்பிள்ளைக்காரிகளும் இறங்குவார்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவர ஆள் இருக்காது. கொட்டகை விட்டத்தில் பழைய புடவையைக் கட்டினால் அதுதான் தூளி.

மழைக்கு முன் அம்பாரங்களைப் பனையோலையால் வேய்ந்து மூடுவார்கள். அதற்கு வந்த ஓலையில் மிஞ்சியதெல்லாம் எங்கள் ஆயாவின் மடிக்கு வரும். இளம் ஓலையை நிழலில் காயவைப்பாள். ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழித்து, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவாள். நாலு கீற்றை ஒன்றின் மேல் ஒன்று மடித்து விரல்களுக்குள் திருப்பத் திருப்ப ஒரு பெட்டி உருவாகும். வாய் மூடுவதற்குள் புளியங்கொட்டைகளை உள்ளே போடுவாள். குன்றிமணி அழகாக இருக்கிறதே, அதைப் போடேன் என்று கேட்டால் கையைத் தட்டிவிடுவாள். அது விஷம், பிள்ளை கடித்துவிடும். பிறகு ஓலையிலேயே முறுக்கிய பிடி. "இந்தாடா கண்ணு, ஆட்டிக்கினு இரு, இதோ வந்துடறேன்" என்று தூளிக்குள் கொடுத்துவிட்டுத் திரும்ப உப்பு வாரப் போவாள்.

நடக்கத் தெரிந்தவர்களுக்குக் கருவேல முள்ளில் குத்திய ஓலைக் காற்றாடி. ஓடத் தெரிந்தவர்களுக்கு நுங்கு வண்டி: தின்று முடித்த குடுக்கைகள் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு போக ஒரு கவைக் கம்பு. சூப்பி முடித்த பனங்கொட்டையின் நாரைச் சீவி முடியாக்கினால் அது தாடிவைத்த தாத்தா. ஐப்பசி பிறந்து அளம் மூடியதும் வேலை முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். வெளியே அடைமழை, உள்ளே திண்ணை நிறைய ஓலை. பெண்கள் பாயும் பெட்டியும் முறமும் முடைவார்கள். அவர்கள் தள்ளிய துண்டுகளில் நாங்கள் கோணலாக ஏதோ முடைவோம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், கை பார்த்துக்கொண்டது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உப்பில் நின்ற கால்களில் வெடிப்பு ஆறியதே இல்லை. கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது எங்கள் தெருவில் சாதாரணம். கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு தூளியோரம் உட்கார்ந்திருந்த அக்காக்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கடையில் வாங்கக் காசில்லாததால் பிறந்த கலை அது.

இன்று அம்பாரங்களைத் தார்ப்பாய் மூடுகிறது. மோட்டார் தண்ணீர் இறைக்கிறது. பிள்ளைகள் அளத்துக்கு வருவதில்லை. 1975இல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி தெருவுக்குள் இருக்கிறது. பள்ளியில் 1982 முதல் சத்துணவு. 2022 முதல் காலை உணவும் படிப்படியாக வந்துவிட்டது. அக்காக்கள் படிக்கிறார்கள். இதில் ஒன்றையும் திருப்பிக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் என் பேத்திக்கு இரண்டு வயது. அவள் கூடை நிறைய பொம்மைகள். 2021 ஜனவரி 1 முதல் கடைப் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அப்படி ஒரு காவல் தேவைதான். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. ஆயா ஒரு பொம்மையைக்கூட விற்றதில்லை. அவள் எந்தப் பதிவிலும் இல்லை. குன்றிமணியை விலக்கிய அவள் விரல்கள்தான் எங்களுக்குக் கிடைத்த தரச் சான்று. கூடையிலிருக்கும் பொம்மைகள் ஒவ்வொன்றும் சிறிது நேரத்தில் பேத்திக்குச் சலித்துவிடுகின்றன. அதன்பின் கைப்பேசி. இரண்டிலிருந்து நாலு வயது வரையான பிள்ளைகள் திரைக்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சமையல், துணி, மற்ற வீட்டுவேலை என்று தனியாக அல்லாடும் என் மகளுக்கு அந்த ஒரு மணி நேரம் போதுவதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவைச் சுற்றி ஒரு திண்ணை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பனையோலைப் பொம்மை செய்து காட்டுகிறார்கள். மகள் பேத்தியை அழைத்துப் போனாள், நானும் போனேன். எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் முடைந்துகொண்டிருந்தார். முடித்துக் கொடுத்த கிலுகிலுப்பையைப் பேத்தி நாலு தடவை ஆட்டிவிட்டுக் கீழே போட்டாள். அந்த அம்மா அடுத்த கீற்றை எடுத்ததும் மெல்ல நகர்ந்து போய் அவர் முழங்காலில் கை ஊன்றிக்கொண்டாள். விரல்களையே பார்த்தாள். கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வெகுநேரம் அழைத்தும் வரவில்லை.

சிறுவயதில் எங்களைக் கட்டிப்போட்டது எது என்று அன்றுதான் எனக்குத் தெளிவானது. பொம்மை ஒரு பொழுதுக்குத்தான். ஓலை காய்ந்தால் நொறுங்கிவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், கண்ணுக்குத் தெரிய ஒன்றைச் செய்துகொண்டிருந்ததுதான் எங்களைப் பிடித்து வைத்தது. கடையில் பொம்மை கிடைக்கும். அந்த அருகாமையைக் கடை விற்காது. வசதி வந்தபோது வறுமையோடு சேர்த்து அதையும் வெளியே தள்ளிவிட்டோம். இப்போது விடுதியில் காசு கட்டி ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வருகிறோம்.

இதைத் திரும்பப் பெற முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பனை இந்த மாநிலத்தின் மரம். 2021இல் வந்த தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை அளம் மூடிக் கிடக்கும்போது உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. முடையத் தெரிந்த பெண்கள் வேலையின்றி வீட்டில் இருப்பதும் அதே மாதங்களில்தான். அவர்களை அங்கன்வாடிகளுக்கு அழைக்கலாம். அவர்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. நடுவில் உட்கார்ந்து முடைந்தால் போதும், பிள்ளைகள் தானாக வந்து சூழ்ந்துகொள்வார்கள். அதற்கு நிவாரணத்துக்கு மேல் ஒரு கூலி கொடுக்க வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு, மரியாதையோடு. ஆயாவின் தலைமுறையில் அந்த வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. அந்தக் கைகளில் மிஞ்சியிருப்பவை இன்னும் சில ஆண்டுகள்தான் முடையும்; வருகிற மழைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.