எண்ணத் தெரியாத பெயரடை: 'செகண்ட் ஹேண்ட்' குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகளுள் கணக்கில் கோட்டைவிட்டது 'செகண்ட் ஹேண்ட்' என்பதே இக்கட்டுரையின் துணிபு. முதல் கையிலிருந்து இரண்டாம் கைக்கு வந்தது என்று சொல்லே கூறுகிறது. ஆனால் ஒரு ஸ்கூட்டர் ஐந்தாவது ஆளிடம் போய், கிக்கர் கழன்று விழுந்த பின்னும் செகண்ட் ஹேண்ட்தான். 'ஃபிஃப்த் ஹேண்ட் வண்டி விற்பனைக்கு' என்று எந்தப் புரோக்கரும் பலகை வைப்பதில்லை.

கடிகாரத்திலும் இதே குளறுபடி. மணி முள், நிமிட முள் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது முள்ளுக்கு ஆங்கிலத்தில் 'செகண்ட் ஹேண்ட்' என்று பெயர். அங்கே செகண்ட் என்றால் விநாடி என்பர் எதிர்தரப்பார். அந்த விநாடியே லத்தீனில் 'இரண்டாம் சிறுபகுதி'யாகப் பிறந்ததுதான்: மணியை முதல்முறை அறுபதாக்கினால் நிமிடம், இரண்டாம் முறை அறுபதாக்கினால் விநாடி. ஆட்சேபம் தள்ளுபடி.

இனி முக்கியச் சான்று, கோகினூர் வைரம். 1739இல் நாதிர் ஷா டெல்லியிலிருந்து அள்ளிப் போனார். பிறகு ஆப்கன் அரசர்கள், 1813இல் ரஞ்சித் சிங், 1849இல் ஆங்கிலேயர். 1852இல் அவர்கள் அதை மறுபடி பட்டை தீட்டி 105.6 காரட்டாகச் சுருக்கினார்கள். இஞ்சின் ரீபோர் ஆன பைக் என்றால் விலையில் பாதியைக் குறைத்துக் கேட்போம். இதற்கோ லண்டன் கோபுரத்தில் கண்ணாடிப் பேழை, காவல்! ஆக, இச்சொல் எண்ணுவது கைகளை அல்ல, கைக்காரரின் வசதியை. நடுத்தர வர்க்கத்தான் வாங்கினால் பழசு. பணக்காரர் வாங்கினால் 'விண்டேஜ்'. பாட்டியின் அட்டிகை எத்தனை கழுத்து மாறினாலும் பரம்பரை நகை.

பிறர் சொல்லக் கேட்ட செய்தியும் செகண்ட் ஹேண்ட்தான்; அதில் சட்டம் மட்டும் கறார். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 60ஆம் பிரிவு. பார்த்ததைப் பார்த்தவரே சொல்ல வேண்டும். இவ்விதி கல்யாண வீடுகளுக்கும் பொருந்துமானால் பந்தியில் மயான அமைதிதான்.

கையை விட்டு 'ஓனர்' என்று வந்ததும் புரோக்கருக்குக் கணக்கு நன்றாக வந்துவிடுகிறது. ஒருவர் மட்டுமே வைத்திருந்தால் 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி' என்று கூவுவார். நால்வர் என்றால் மறுபடியும் 'செகண்ட் ஹேண்ட்'டுக்குள் பதுங்குவார். வாசகர்கள் அவர் இலக்கணத்தை நம்பாமல், முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர் என்று பார்த்துக்கொள்ளவும்.