கானுக்குப் போன் பிடிக்க ஆள் இருந்தது

சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்று மதரஸாக்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நீட்டிய கையில் போனோடு. 1420இல் உலுக் பெக் கட்டி முடித்த கட்டடத்துக்கு அந்த வீடியோவில் கிடைப்பது காதோரத்தில் கொஞ்சம் இடம். கலாரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், சுத்தத் தற்பெருமையாம். இருக்கட்டும், உஸ்பெக் சினிமா பிறந்தது எப்படி? கீவாவின் குதைபெர்கன் தேவனோவ்தான் அந்நாட்டின் முதல் ஒளிப்பதிவாளர். அவருடைய ஆரம்பப் படங்களில் ஒன்றில் கீவாவை ஆண்ட கான் சாரட்டில் போகிறார். கதையோ திருப்பமோ கிடையாது, போகிறார், அவ்வளவுதான். இன்று ஒரு பையன் தான் காரில் போவதைத் தானே எடுத்து டெலிகிராமில் போடுகிறான். கானுக்குப் போன் பிடிக்க ஆள் இருந்தது, இவனுக்கு இல்லை.

'கான் வரலாறு, இவன் யார்?' என்று கேட்கலாம். இவனைப் போன்றவர்களைக் கேமராவைத் தூக்கவே விடாத நாடு அது. 1977இல் திறந்த தாஷ்கண்ட் மெட்ரோ, அணுகுண்டு விழுந்தால் பதுங்கும் இடமும் என்பதால் 2018 வரை உள்ளே படமெடுக்கத் தடை. கோஸ்மோனாவ்ட்லார் நிலையத்தின் நீலச் சுவரில் ககாரினும் தெரஷ்கோவாவும் வட்டங்களுக்குள் மிதப்பது, டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் தினமும் பார்த்த ராணுவ ரகசியம். 40 வருஷப் பாக்கி இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் வசூலிப்பார்கள். பிறகு அரசே ஆசை காட்டியது: சாலை விதி மீறும் வண்டியைப் படமெடுத்து அனுப்பினால் அபராதத்தில் ஒரு பங்கு. தயாரிப்புச் செலவு இல்லை, வசூல் நிச்சயம். எந்த ஸ்டூடியோவுக்கு இந்த யோகம் வாய்த்தது? அதே 2018இல், கோதுமை வயலைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று விவசாயிகளை வாய்க்கால் தண்ணீரில் நிற்கவைத்த காட்சி இணையத்தில் பரவி, ஒரு துணைப் பிரதமரின் நாற்காலியே போயிற்று.

ஆயிரத்தில் ஒன்றுதானே அப்படி, மீதியெல்லாம் புலாவ் அண்டாவும் கல்யாண ஆட்டமும்தானே என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அண்டாவை எடுத்துப் பழகாத கை வாய்க்காலைக் கண்டதும் திடீரென்று போனை எடுத்துவிடாது. உபயோகமான வீடியோ மட்டும் வேண்டும் என்பவர்கள் ஒத்திகையே இல்லாமல் கச்சேரி கேட்கிறார்கள். இதெல்லாம் வெட்டி வேலை என்று அதிகாரிகளும் நினைப்பதாகத் தெரியவில்லை. தேவனோவையே ஸ்டாலின் காலத்தில் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். 2021இல், இணையத்தில் ஜனாதிபதியை அவமதித்தால் 5 ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. அதே வருஷம் டிக்டாக்கை முடக்கினார்கள். பிள்ளைகள் விபிஎன் போட்டுக்கொண்டு உள்ளே போய், அண்டாவுக்கு முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள்.