வலிப்பு மாத்திரை: கேளுங்கள், சொல்கிறேன்

என் மகனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. மனநல மருத்துவர் சோடியம் வால்ப்ரோயேட் எழுதியிருக்கிறார். மருந்துக்கடைக்காரரோ, “இது ஃபிட்ஸ் மாத்திரை ஆச்சே” என்கிறார். யாரை நம்புவது?
– விருதுநகர்

இருவரையும்! 1967இல் பிரான்சில் வலிப்புக்கென்று விற்பனைக்கு வந்த மருந்துதான் இது. ராத்திரி முழுக்கத் தூங்காமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிக் கார் புக் பண்ணுகிற அளவுக்கு மனம் எகிறும்போது அதைக் கீழே இறக்கவும் உதவுகிறது. அமெரிக்காவில் 1995இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் தருகிறார்கள். கடைக்காரரைச் சும்மா விடுங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?
– தென்காசி

தயாரித்தவர் அமெரிக்க வேதியியலாளர் பெவர்லி பர்ட்டன், 1882இல். அதன்பின் ஏறக்குறைய எண்பது வருஷம் மற்ற பொருள்களைக் கரைக்கிற வெறும் திரவமாகவே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியர் எய்மார் என்ற ஆய்வாளர், தன் புதுச் சேர்மங்களை இதில் கரைத்தார். வலிப்பைத் தடுக்கிறதா என்று சோதித்தால், எல்லாமே தடுத்தன. வகுப்பே நூற்றுக்கு நூறு வாங்கினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராதா? கரைப்பானைத் தனியே சோதித்தார்கள். ஆள் அகப்பட்டது.

எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, கை லேசாக நடுங்குகிறது. மாத்திரையா, பிரமையா?
– காரைக்குடி

மாத்திரைதான். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலே நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். கொட்டிய முடி பலருக்குத் திரும்ப முளைக்கிறது, சிலருக்குச் சுருளாக! ஆனால் விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, மஞ்சள் கண், காரணமில்லாத மந்தம், தொட்டாலே கன்றிப்போவது, ஈறில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். கல்லீரல், கணையம், ரத்தத் தட்டணுக்கள் மூன்றையும் இந்த மருந்து அபூர்வமாகப் பதம் பார்ப்பதுண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் ஆபத்து அதிகம்.

வாரக் கடைசியில் மட்டும் ‘கொஞ்சம்’ போட்டுக்கொள்ளலாமா?
– திருப்பூர்

கல்லீரலுக்கு வார விடுமுறை கிடையாது.

பதினாறு வயதிலிருந்து மகள் இந்த மாத்திரை சாப்பிடுகிறாள். தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் முன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன?
– பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

வேண்டவே வேண்டாம் அம்மா. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், உயிருக்கே ஆபத்து. அதிலும் கல்யாண வீட்டில் தூக்கம் ஏது? தூக்கக் கேடே வலிப்பைக் கிளப்பிவிடும்.

நீங்கள் கேட்காத கேள்விதான் எனக்குப் பெரிய கவலை. கர்ப்பிணி இந்த மருந்தைச் சாப்பிட்டால், நூற்றில் சுமார் பத்துக் குழந்தைகள் முதுகுத்தண்டு, இதயம், அண்ணம் போன்றவற்றில் குறையோடு பிறக்கின்றன. முப்பது நாற்பது குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, அறிவு வளர்ச்சியில் சிக்கல் வரலாம். முதுகுத்தண்டு உருவாவது முதல் மாதத்தில். நாள் தள்ளிப்போனதை அவள் கவனிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஃபோலிக் அமில மாத்திரை தருவார்கள், ஆனால் அது இந்த ஆபத்தைத் துடைத்துவிடாது. பிரிட்டனில் 2018 முதலே, நம்பகமான கருத்தடை இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைத் தரக்கூடாது என்று கட்டுப்பாடு.

ஆகவே நரம்பியல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், மகளையும் உள்ளே உட்காரவைத்து. லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் என்று மாற்று உண்டு. மெதுவாகத்தான் மாற்ற முடியும், மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை கருத்தடை. அதற்கு மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். வலிப்பு இருப்பதைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழியை 1999இலேயே நீக்கிவிட்டார்கள். மறைத்ததை மோசடி என்று வாதாடும் வழி மட்டும் இன்னும் இருக்கிறது.

கர்ப்பம் தெரிந்த பிறகுதான் இதைப் படிக்கிறேன். இன்று ராத்திரி மாத்திரையைப் போடலாமா?
– புதுச்சேரி

நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவருக்கு இப்போதே போன் செய்யுங்கள். விடிந்ததும் நேரில் போங்கள்.

அப்பா ஆகப் போகிறவர்களுக்கு ஆபத்து இல்லையே?
– சேலம்

பெண்களுக்கு உள்ள அளவு இல்லை. கருத்தரிப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அப்பா இதைச் சாப்பிட்டிருந்தால் குழந்தையின் மனவளர்ச்சியில் பாதிப்பு சற்றுக் கூடலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் எச்சரித்தது. மேலே சொன்ன இரண்டு மாற்று மருந்துகளைச் சாப்பிட்ட அப்பாக்களின் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று என்றால், இதில் ஐந்து. முடிந்த முடிவல்ல, ஆனாலும் மருத்துவரைக் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கிறார்களே?
– திண்டுக்கல்

பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது! ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மாத்திரை பெரிதாக இருக்கிறது. பொடித்துச் சோற்றில் கலக்கலாமா?
– கும்பகோணம்

மெல்ல மெல்லக் கரைகிற ரகமென்றால் கூடாது. நாள் முழுக்கச் சேரவேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்துக்குப் போகும். விழுங்க முடியாதவர்களுக்குச் சிரப் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.