குப்புறப் படுக்கும் கலைஞர்

மழை விட்ட மறுநாள் காலை, கறிவேப்பிலைச் செடியடியில் ஒருவர் மூச்சுப் பேச்சில்லாமல் குப்புறக் கிடந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். மூச்சு இருக்கிறது, அடக்கி வைத்திருக்கிறார். அவர் மேக்ரோக்காரர், பூச்சி எறும்புகளை நெருங்கிப் பெரிதாகப் படமெடுப்பவர்.

இப்போது தெருவுக்கு ஒருவர் தேறுவார். புலியைப் படமெடுக்கப் போக ஆபீசில் லீவு கிடைக்காது, பெரிய டெலி லென்ஸுக்குச் சம்பளம் எட்டாது. ஆகவே வீட்டுச் சுவர்தான் அவருக்கு முதுமலை.

ஆரம்பம் சிக்கனமாகத்தான் இருக்கும். லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்ட ஒரு ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாயோடு முடிந்தது. அடுத்து, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே செருகும் எக்ஸ்டென்ஷன் ட்யூப். "50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால 50 மி.மீ. ட்யூப் போட்டா 1:1. எறும்பு எவ்வளவு நீளமோ, சென்சார்லயும் அதே நீளம் விழும்" என்று மனைவிக்கு விளக்குவார்.

"அதத்தான் சர்க்கரை டப்பாவுல தினமும் பாக்குறேனே!"

பிறகு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வரும். அதன் விலையை வீட்டில் சொல்லும்போது மட்டும் ஒரு பூஜ்யம் உதிர்ந்துவிடும்.

லென்ஸ் வந்ததும் கஷ்டமும் வந்துவிடும். 1:1 அளவில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக நிற்பது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். எறும்பின் கண் தெளிந்தால் இடுப்பு மங்கும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை. உடம்பையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கண் தெளியும் நொடியில் அமுக்க வேண்டும். மூச்சடக்குவது அதற்குத்தான். பிராணாயாம வகுப்பிலிருந்து பாதியில் ஓடிவந்தவர், இங்கே சொல்லிக்கொடுப்பாரில்லாமலே தேறிவிட்டார்.

இன்னும் சுருக்கி எஃப் 22 வைத்தால் தெளியும் ஆழம் கூடும்தான். ஆனால் துளை சிறுக்கச் சிறுக்க ஒளி சிதறி, படம் முழுக்க மசமசத்துப்போகும். தவிர, 1:1-இல் சென்சாருக்கு வழக்கமான வெளிச்சத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பிளாஷ் போடாமல் தீராது. வெறும் பிளாஷ் போட்டாலோ வண்டின் முதுகில் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு. ஒளியை மென்மையாக்க டிப்யூசர் வேண்டும். அதனால் வீட்டிலுள்ள தயிர் டப்பா, தெர்மாகோல், பார்சல் ஃபோம் எல்லாம் பிளாஷின் தலையில் ஏறிவிடும்.

அவருடைய கனவுக்கன்னி குதிக்கும் சிலந்தி. எட்டுக் கண்களில் முன்னால் நடுவிலுள்ள இரண்டும் முட்டை முட்டையாக இருக்கும். லென்ஸை நீட்டினால் திரும்பி நேருக்கு நேர் பார்க்கும். குடும்பத்தில் வேறு யாரும் கேமராவுக்கு இப்படி ஒத்துழைத்ததில்லை. விளைவு, வீட்டில் ஒட்டடைக்கம்புக்குத் தடை. "இது வலை பின்னி வேட்டையாடுற ஜாதியே இல்லம்மா" என்று வாதாடுவார். அம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்பார்: "அப்ப இந்த ஒட்டடை யாருதுடா?"

முசுறு எறும்பாக வேஷம் போடும் சிலந்தி ஒன்று உண்டு. முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பாகக் காட்டி ஏமாற்றும். மாமரத்தடியில் நின்று இவர் ஆறு காலா எட்டுக் காலா என்று எண்ணி முடிப்பதற்குள், அசல் முசுறுகள் இவர் சட்டைக்குள் கணக்கெடுப்பைத் தொடங்கியிருக்கும்.

இங்கிலாந்துப் புகைப்படக்காரர் லெவன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துப் பூச்சிகளை எடுத்தபோது ஒவ்வொரு படத்துக்கும் துண்டு துண்டாகத் தெளிந்த 8,000 முதல் 10,000 வரை படங்களை ஒன்றாகச் சேர்த்தார் என்பது நம்மவருக்கு வேதவாக்கு. ஆனால் அவை பாடம் பண்ணி வைத்த பூச்சிகள். நம்மவருடையது மூன்றாவது கிளிக்கிலேயே பறந்துவிடும். அதற்காகப் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கவிட்டு எடுப்பவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. கொள்கை பாதி, ஃபிரிட்ஜ் மனைவியின் ஆட்சியில் இருப்பது மீதி.

'நல்ல கேமரா வச்சிருக்கானே' என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுபவர்கள்தான் பாவம். தாலிக்கயிற்றின் நார் நாராகத் தெரியும், அட்சதை அரிசியில் கீறல் தெரியும், தாலி கட்டும் மாப்பிள்ளை பின்னணியில் அழகாக மங்கியிருப்பார். பெரியம்மாவின் கன்னத்தில் பவுடர் துகள் தனித்தனியாகத் தெரிவதை அவரிடமே பெருமையாகக் காட்டியதில் அந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது.

"கூட்டமா நிக்கிற படம் ஒண்ணுகூடவா இல்ல?" என்று சித்தப்பா கேட்டால், முகம் மலர்ந்து ஒரு படத்தைப் பெரிதாக்கி நீட்டுவார். மணமாலையில் வரிசையாகப் பதினோரு எறும்புகள்.