பிரேக் ஆயில் மாற்றியல்: இல்லறத்தாருக்கான ஓர் ஆய்வு

பிரேக் ஆயில் மாற்றியல் என்பது, காரின் பிரேக் குழாய்களில் கிடக்கும் பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை நிரப்புவதையும், அவ்வேளையில் வீட்டார் தமக்குள் பேசிக்கொள்வதையும் ஒருசேர ஆராயும் துறை. முன்னது இயற்பியலின்பாற்படும்; அதில் கருத்து வேறுபாடு இல்லை. பின்னது இல்லறவியலின்பாற்படும், அதில் கருத்து வேறுபாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

1. பொருளின் இயல்பு

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. அவர் 1662-இல் மறைந்தார். விதியை விளக்கும் அவருடைய நூல் 1663-இல் வெளிவந்தது. அந்த உண்மை காரின் நான்கு சக்கரங்களுக்கும் வந்து சேர 1921 ஆயிற்று. அவ்வாண்டு அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. 258 ஆண்டுத் தாமதத்தோடு ஒப்பிட்டால், பிரேக் ஆயில் மாற்றுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடும் குடும்பத் தலைவர்கள் சுறுசுறுப்பானவர்களே.

ஆயில் என்று அழைக்கப்பட்டாலும் இது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆன திரவம். இதற்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். டாட் 3, டாட் 4 என்பன இதன் பொது வகைகள். எது வேண்டும் என்பது காரில் இத்திரவம் நிற்கும் டப்பாவின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதை வாசிப்பது இத்துறையின் முதற்கடமை. சிலிக்கோனால் ஆன டாட் 5 தனிச் சாதி. மற்றவற்றோடு அதைக் கலக்கக் கூடாது.

இத்திரவத்தின் தலையாய குணம் ஈரம் உறிஞ்சுவது. மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போல, மூடியிருந்தாலும் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் தரவிதி அதனிடம் எதிர்பார்ப்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3-க்கு இவை 205, 140. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில், சக்கரத்தருகே உள்ள திரவம் கொதித்து ஆவிக் குமிழாகலாம். திரவம் அமுங்காது, குமிழ் அமுங்கும். எனவே மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆய்வின் எஞ்சிய பகுதிகளை வாசகர் எவ்வளவு நகைப்போடு வாசித்தாலும், இப்பத்தியை நகையின்றி வாசிக்க வேண்டும்.

2. காலம் பற்றிய மூன்று கொள்கைகள்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக என்பது கார் நிறுவனங்கள் பலவற்றின் விதி. இதற்கு எதிராக மூன்று கொள்கைகள் வீடுகளில் வழங்குகின்றன.

நிறக்கொள்கையினர், திரவம் கறுத்தால்தான் மாற்ற வேண்டும் என்பர். கறுப்பு பழமைக்கு அடையாளம்தான். ஆனால் நீருக்கு நிறமில்லை. வெளுத்த திரவத்திலும் ஈரம் இருக்கலாம். ஆகவே இக்கொள்கை பாதி உண்மை.

அளவுக்கொள்கையினர், டப்பாவில் மட்டம் குறைந்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மாற்றியதாகவே கணக்கு எழுதுவர். மட்டம் குறைவதற்குப் பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்ததே காரணம், அரிதாகக் கசிவு. முதற்காரணமாயின், புதிய பேட் போடும் நாளில் ஊற்றியதெல்லாம் பொங்கி வழியும். இத்திரவம் பெயின்ட்டை அரிக்கும் என்பதை அன்று அவர்கள் கற்பர்.

மூன்றாவது, ஓடுகிற வண்டியைத் தொடாதே என்னும் பழங்கொள்கை. பிரேக்கின் வேலை ஓடுவதன்று, நிறுத்துவது. ஆதலால் இக்கொள்கை இங்குப் பொருந்தாது.

3. கருவிகள்

சீல் உடைக்காத புதிய பாட்டில் ஒன்று. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டர் தாராளம். போன வருடம் திறந்து மிச்சம் வைத்த பாட்டில் ஆகாது; அது பரணிலேயே ஈரம் குடித்திருக்கும். ஜாக்கி, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள், சக்கரத்தருகே திரவத்தை வெளிவிடும் நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப், பழையதைப் பிடிக்க ஒரு பாட்டில், பெரிய சிரிஞ்ச், கண்காப்புக் கண்ணாடி, கையுறை, ஒரு வாளித் தண்ணீர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கக் கூடாது. ரிங் ஸ்பேனருக்குப் பதில் கட்டிங் பிளேயர் எடுப்போரின் நிப்பிள் மழுங்கும். அதன்பின் ஆய்வு வேறு துறைக்குச் சென்றுவிடும்.

4. பங்கேற்போர்

இவர்கள் மூவகையர்: திருகுவோர், மிதிப்போர், பார்ப்போர்.

திருகுவோர் சக்கரத்தருகே குந்தியிருப்பவர். பெடல் அவர் கண்ணுக்குத் தெரியாது. மிதிப்போர் ஸ்டியரிங் முன் அமர்ந்திருப்பவர். நிப்பிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. மனைவியோ மகனோ இப்பதவிக்கு அழைக்கப்படுவர். அழைக்கும்போது சொல்லப்படும் கால அளவு எப்போதும் ஐந்து நிமிடம். பார்ப்போர் பக்கத்து வீட்டுக்காரர். “எதுக்கு சார் இந்த வேலை, ஷெட்ல விட்டா அவனே பண்ணிக் குடுத்துருவானே” என்பது அவருடைய பங்களிப்பு.

5. முறை

முதலில் டப்பாவில் உள்ள பழைய திரவத்தை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். பிறகு சக்கரங்கள். பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருப்பதிலிருந்து தொடங்குவது பழைய மரபு. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் அது பொதுவாக இடப்புறப் பின்சக்கரம். சில வண்டிகளுக்கு வரிசை வேறு. வண்டியோடு வந்த நூலின் சொல்லே முடிவு.

நிப்பிளில் டியூபை மாட்டி, அதன் மறுமுனை பாட்டிலில் சிறிது திரவத்துக்குள் மூழ்கியிருக்குமாறு வைக்க வேண்டும். மிதிப்போர் மெல்ல மிதித்துப் பிடிப்பார். திருகுவோர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவார். பழுப்பு நிறம் டியூபில் ஓடும், பெடல் இறங்கும். நிப்பிளை இறுக்கிய பிறகே பெடலை விட வேண்டும். தெளிந்த புதிய திரவம் குமிழின்றி வரும்வரை இதுவே திரும்பத் திரும்ப. பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நலம். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போனால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கிழியக்கூடும். இடையிடையே டப்பாவைப் பார்த்து நிரப்ப வேண்டும். அது காலியானால் காற்று புகும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்தக் காற்றை எடுக்க ஷெட்டின் கணினிக் கருவி தேவைப்படலாம்.

6. உரையாடற் பிழைகள்

காற்று புகும் மற்றொரு வழி பேச்சு. நிகழ்வு பின்வருமாறு அமையும்: “மிதிடா.” “மிதிச்சிட்டேன்ப்பா.” “பிடிச்சுக்கோ.” “பெடல் உள்ள போகுதுப்பா!” “போகட்டும்டா, விடாதே.” “விடட்டுமா?” “ம்.”

இந்த “ம்” இறுக்குகிற கையின் முனகல். மிதிப்போர் அதை அனுமதியாகக் கொள்வார். நிப்பிள் திறந்திருக்கையில் பெடல் மேலெழ, டியூபின் முனை மூழ்காதிருந்தால் காற்று உள்ளே போகும். அடுத்து வருவது திருகுவோரின் உரத்த குரல். அதையடுத்து வருவது மிதிப்போரின் பதவி விலகல். தீர்வு எளிது. ஆணைகள் மூன்றே: மிதி, பிடி, விடு. ஒவ்வொன்றையும் மிதிப்போர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றெல்லா ஒலிகளும் செல்லாதவை. பார்ப்போர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது நான்காம் சக்கரம் முடிந்த பிறகே.

7. முடிவு

நிப்பிள்களை இறுக்கி, ரப்பர் மூடிகளைப் போட்டு, சிந்திய இடங்களைத் தண்ணீரால் கழுவி, டப்பாவின் மட்டத்தை மேல்கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். பழைய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றலாகாது. மூடிய பாட்டிலில் ஷெட்டுக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்த நிலையில் பெடல் கல்லாக நிற்க வேண்டும். எஞ்சினை இயக்கினால் சற்று இறங்கி நிற்க வேண்டும். முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், நடை வேகத்தில். பெடல் மெத்தென்று இருந்தாலோ மிதிக்க மிதிக்க இறங்கினாலோ வண்டியைத் தெருவுக்கு எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.