வாட்ச்சை வைத்து ஆளை எடைபோடலாமா?

கேள்வி: ஒருவர் கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: அவருடைய வேலையை ஓரளவு ஊகிக்கலாம், குணத்தைச் சொல்ல முடியாது. விலையைப் பார்ப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பளபளக்கும் வாட்ச் மாமனார் போட்டதாக இருக்கலாம், மாதத் தவணையில் வந்திருக்கலாம், அச்சு அசலான போலியாகவும் இருக்கலாம். கட்டும் விதத்தைக் கவனித்தால் கூடுதலாகத் தெரியும். நாடித்துடிப்பை எண்ணும் செவிலியருக்கு விநாடி முள் வேண்டும். அடிக்கடி கைகழுவ வேண்டியிருப்பதால் கடிகாரத்தைச் சட்டையில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. கண்ணாடி கீறாமலிருக்க முகப்பை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுபவர், கைகளுக்கு வேலை அதிகம் உள்ளவராக இருக்கலாம். சட்டைப்பையில் மைக்கறையும் இடுப்பில் சாவிக்கொத்தும் இதே வகைச் சாட்சிகள்தான்.

‘தேர்ந்தெடுப்பதிலேயே குணம் தெரியாதா?’ என்பீர்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால்தானே! 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்து எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பல ஆண்டுகள் வாத்தியார், குமாஸ்தா, அதிகாரி எல்லார் கையிலும் அதுதான் ஓடியது. அத்தனை பேருக்கும் ஒரே குணமா? செல்போன் வந்தபின் வாட்ச் வெறும் பகட்டு என்பதும் பாதி உண்மைதான். செல்போனை அனுமதிக்காத தேர்வுக்கூடத்தில் சாதாரண முள் கடிகாரம் இன்றும் உதவுகிறது. ஆகவே, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்களே, மணிக்கட்டை விடுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தாரா என்று பாருங்கள்.