த்வாண்டேயிலிருந்து ஒரு கடிதம்: சில்லறைக் காசில் கிறிஸ்துமஸ்

யாங்கோனில் கிறிஸ்துமஸ் கொண்டாட மாணவருக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு ஆற்றைக் கடப்பதற்கே போய்விடுகிறது. மற்றவை அநேகமாக ஓசி. மியான்மரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான் என்கிறது 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஆனால் டிசம்பர் 25 நாடு முழுக்க அரசு விடுமுறை. லீவு வேண்டாம் என்று எந்த மதத்தவரும் இதுவரை மனுக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

த்வாண்டே, ஆற்றுக்கு அக்கரையில் டல்லாவையும் தாண்டி இருக்கும் மண்பாண்ட ஊர். ஆங்கிலேயர் காலத்துக் கால்வாய் ஒன்று யாங்கோன் ஆற்றை இவ்வழியே ஐராவதியோடு சேர்க்கிறது. நகரத்தில் படிக்கும் மாணவர் இங்கே குடியிருப்பதற்குக் காரணம் வாடகை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிக்-அப் வண்டியிலோ வாடகை மோட்டார் சைக்கிளிலோ டல்லா வந்து, அங்கிருந்து பான்சோடான் துறைக்குப் படகு ஏற வேண்டும். பத்து நிமிடப் பயணம்.

படகுகள் ஜப்பான் கொடுத்தவை. 2021க்கு முந்தைய கட்டணப்படி உள்ளூர்வாசிக்கு 100 கியாட், வெளிநாட்டவருக்கு 2000, ஜப்பானியருக்கு இலவசம். தமிழ் மாணவருக்கு இங்கேதான் சபலம் தட்டும். ரங்கூனுக்குத் தமிழ் முகம் புதிதல்ல. கைலியும் கைவசம் இருக்கிறது. பர்மியரைப் போலக் கன்னத்தில் கொஞ்சம் தனக்காச் சாந்து பூசிக்கொண்டால் 1900 கியாட் மிச்சம். ஆனால் பர்மிய ஆண்கள் கைலியை வயிற்றுக்கு நேரே, புடைப்பாக ஒரு முடிச்சு தெரிய முடிந்துகொள்வார்கள். எங்கள் நாகர்கோவில் கைலியோ இடுப்பில் ஒருபக்கமாகச் செருகப்படுவது. சீட்டுக் கொடுப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறார்.

கரையேறினால் பக்கத்திலேயே 1901இல் திறந்த ஸ்ட்ராண்ட் ஹோட்டல். அதன் கிறிஸ்துமஸ் விருந்தைப் பற்றி மாணவர் அறிய வேண்டியது, அது அங்கே நடக்கிறது என்பதோடு சரி. அங்கிருந்து நடை தூரத்தில் போ ஆங் ஜோ தெருவில் தூய மரியன்னைப் பேராலயம் இருக்கிறது. 1895இல் தொடங்கி 1899இல் முடித்த செங்கல் கோயில், நாட்டிலேயே பெரியது. 2017 நவம்பர் 30 அன்று போப் பிரான்சிஸ் இளைஞர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றியது இங்கேதான்.

போஜோ ஆங் சான் சாலையில் இருக்கும் ஆங்கிலிக்கன் பேராலயமான தூய திரித்துவ ஆலயம் சென்னைக்காரருக்கு எங்கோ பார்த்த சாயலாகப் படும். படுவது சரிதான். மெரினாவில் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வரைந்ததுதான் இதுவும். 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இதை மது வடிக்கும் ஆலையாக்கி வைத்திருந்தது. இதைக் கேள்விப்படும் மாணவர்களில் சிலர், காலம் தப்பிப் பிறந்துவிட்டோமே என்று பண்டிகை நாளும் அதுவுமாக வருந்துவதுண்டு.

அதே சாலையில் ஜங்ஷன் சிட்டி வணிக வளாகம். பெரிய மரம், விளக்கு, பாட்டு. மரம் பார்க்கக் காசில்லை, ஏசிக்கும் இல்லை. பின்னது முக்கியம், ஏனென்றால் டிசம்பர் பகலில் வெயில் 32 டிகிரியைத் தொடும். விடியற்காலையில் 18க்கு இறங்கிவிட்டால் ஊரெல்லாம் கம்பளிக் குல்லா. பசித்தால் அனவ்ரதா சாலைப் பக்கம் தள்ளுவண்டியில் தோசையும் பலாத்தா எனப்படும் பரோட்டாவும் கிடைக்கும். தோசை நம்முடையதே. சட்னியைப் பற்றி இங்கே பேசாமல் விடுவது உத்தமம்.

இதெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான். பண்டிகை உண்மையில் நடப்பது இன்செயின் பக்கம். கரேன் மக்கள் நிறைய வாழும் பகுதி அது. 1927இல் தொடங்கிய மியான்மர் இறையியல் கல்லூரியும் அங்கேதான். நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில் ஏறினால் போய்விடலாம். சுமார் 46 கிலோமீட்டர் சுற்று, மூன்று மணி நேரம், 2021க்கு முன் 200 கியாட். டிசம்பர் முதல் தேதி பிறக்கும்போதே ‘ஸ்வீட் டிசம்பர்’ என்று வாழ்த்திப் பாடி மாதத்தை வரவேற்கிறார்கள். பிறகு ராத்திரிதோறும் கேரல்.

நம்மூர் கேரல் பவனியில் கிறிஸ்துமஸ் தாத்தா குதிப்பார், சிறுவர் பின்னால் ஓடுவார்கள். இங்கே குதிப்பவர் குறைவு, குரல் நான்கு. வாசலில் கிதாரோடு நின்று, கரண்ட் இல்லாவிட்டால் செல்போன் வெளிச்சத்தில் பாட்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு, சோப்ரானோ முதல் பேஸ் வரை பிசிறில்லாமல் பாடுகிறார்கள். வழியில் சேர்ந்துகொண்ட வெளிநாட்டு மாணவரைப் பின்வரிசையில் பேஸ் பக்கம் நிறுத்துவது வழக்கம். ராகம் சின்ன வயதிலிருந்தே கேட்டது. சொல் மட்டும் கரேன். வாயை அளவாகத் திறந்து ‘ஆ’வும் ‘ஓ’வும் கொடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. பாட்டு முடிந்தால் வீட்டுக்காரர் ஜெபம், சபைக்கு ஒரு கவர், பாடியவர்களுக்குச் சிற்றுண்டி. நான்கு வீடு பாடினால் இரவுச் சாப்பாடு மிச்சம். 25ஆம் தேதி ஆலயத்திலும் வீடுகளிலும் வந்தவருக்கெல்லாம் சோறும் கறியும். பக்கத்து வீட்டுப் புத்த சமயத்தார் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். யார், எந்தச் சபை என்ற விசாரணை இலைக்கு முன்னால் இல்லை.

2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இரவு ஊரடங்கு வந்தது; நள்ளிரவு ஆராதனைகள் மாலைக்கு நகர்ந்தன. கரேன், சின், காச்சின் பகுதிகளில் சண்டையால் வீடிழந்தவர்களை நினைத்துப் பல சபைகள் ஆடம்பரத்தையும் குறைத்துக்கொண்டன. விலைவாசி மட்டும் குறையவில்லை.

அறைக்கு ஒரு மரம் வேண்டும் என்பவருக்கு த்வாண்டேயே போதும். ஓ-போ குயவர் தெருவில் ஒருவர் சக்கரத்தைச் சுற்றிவிட, இன்னொருவர் களிமண்ணை எழுப்பிப் பானையாக்குவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். சூளையில் வாய் விரிசல் விட்ட பானை மலிவாகக் கிடைக்கும். அதில் மண் போட்டு ஒரு கிளையை நட்டு, விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் அதுவே கிறிஸ்துமஸ் மரம்.

கிடைக்காத ஒரே பொருள் முந்திரிக்கொத்து. டிசம்பரில் ஊரிலிருந்து யாரேனும் இப்பக்கம் வந்தால் வீட்டார் ஒரு டப்பா கொடுத்துவிட வேண்டும், கேக்கைத் தவிர்க்கலாம். யாங்கோன் கடிகாரம் இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் 24ஆம் தேதி இரவு பதினோரு மணிக்கே வீட்டுக்கு வாழ்த்துப் போன் வரும். தூங்கிவிடாமல் எடுக்கவும்.